ட்ரை அப், ட்ரை அவுட், ட்ரை ஆஃப்: எந்த ஈரத்துக்கு எதை எழுதுவது?

நூல்கண்டு

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு இங்கிலீஷில் மெயில் போடுவதிலேயே பாதி நாள் ஓடிவிடும். இப்போது ஆபீசில் ஒரு சின்னச் சண்டை.

ஐரோப்பிய பையர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "ப்ளீஸ் லெட் தி கார்ட்டன்ஸ் ட்ரை அவுட் பிஃபோர் யூ பேக்." மழைக்காலத்தில் அட்டைப்பெட்டி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படியே கண்டெய்னரில் ஏற்றினால் போய்ச் சேருவதற்குள் துணியில் பூஞ்சை பிடித்துவிடும் என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். பதில் எழுத வேண்டும். மேனேஜர் "தி கார்மென்ட்ஸ் ஹேவ் ட்ரைட் அப்" என்று போடச் சொல்கிறார். பக்கத்து சீட் அக்கா "ட்ரைட் ஆஃப்" என்கிறார். எனக்கு "ட்ரைட் அவுட்" என்று தோன்றுகிறது, ஆனால் ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெறும் "ட்ரைட்" என்று விட்டால் என்ன குறைந்துவிடும்?

அகராதியில் மூன்றுக்கும் "காய்தல், உலர்தல்" என்றே போட்டிருக்கிறது. யாராவது வாக்கியத்தில் வைத்துக் காட்டினால் புண்ணியமாகப் போகும்.

கரும்பலகை

தம்பி, ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் நான். முதலில் உங்கள் மெயிலை முடித்துவிடுவோம். "தி கார்மென்ட்ஸ் ஆர் ட்ரை. தி கார்ட்டன்ஸ் ஹேவ் பீன் லெஃப்ட் டு ட்ரை அவுட்." துணி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் பையருக்கு வேண்டும், அதற்கு "ட்ரை" என்ற பெயரடையே போதும். பெட்டிக்குள் ஏறியிருந்த ஈரம் மெல்ல வெளியேறியதைச் சொல்லத்தான் "ட்ரை அவுட்". மேனேஜர் சொன்னபடி "ட்ரைட் அப்" போட்டால் துணியெல்லாம் சருகாகிச் சுருங்கிப்போன மாதிரி இருக்கும். அனுப்பிவிடாதீர்கள்.

இனி ஏன் என்பதற்கு வருகிறேன். வகுப்பில் நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: ஈரம் எங்கே இருந்தது?

மேலே, தோலின் மீது, பரப்பில் இருந்தால் ஆஃப். குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்கிறோம் பாருங்கள், அது "ட்ரை ஆஃப்". மழையில் நனைந்து வந்த பிள்ளையிடம் "கோ அண்ட் ட்ரை யுவர்செல்ஃப் ஆஃப்" என்று சொல்லலாம். குளிப்பாட்டிய நாய், மழையில் நின்ற கார், பைக் சீட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். துடைத்தால் போய்விடும் ஈரம்.

உள்ளே ஊறியிருந்தால் அவுட். நனைந்த ஷூ, சுவர், மண், மெத்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீடுகளில் தண்ணீர் புகுந்தது! தண்ணீரை வெளியே இறைத்து, தரையைத் துடைத்த பிறகும் சுவர் ஓதமாகவே நின்றது. "தி வால்ஸ் டுக் வீக்ஸ் டு ட்ரை அவுட்." இங்கே ஆஃப் போட முடியாது.

ஊற்றோ இருப்போ தீர்ந்துபோனால் அப். கிணறு, ஏரி, ஆறு, பணம், பேச்சு, பால். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கிலும் தரை தெரிந்தது. "தி லேக்ஸ் ட்ரைட் அப்." ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்போது பத்திரிகைகளில் "ரன் ட்ரை" என்றும் எழுதினார்கள், அதுவும் சரி. ஆனால் "தி லேக்ஸ் ட்ரைட் ஆஃப்" என்று எழுதினால் ஏரி துண்டெடுத்துத் துவட்டிக்கொண்டதாக அர்த்தம்.

நம்மிடமும் இதற்குத் தனித்தனி வினை இருக்கிறது: துவட்டு, உலர், வற்று. அவர்கள் ஒரே வினையை வைத்துக்கொண்டு வாலை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

கோடைமழை

வாத்தியார் ஐயா சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி மூன்று பெட்டி செய்து கொடுத்தால் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொள்வார்கள், நிஜ இங்கிலீஷில் போய் முட்டிக்கொள்வார்கள். மூன்று கேள்வி:

ஸ்கெட்ச் பேனா காய்ந்துவிட்டால் "தி மார்க்கர் ஹேஸ் ட்ரைட் அவுட்" என்றும் சொல்கிறார்கள், "ட்ரைட் அப்" என்றும் சொல்கிறார்கள். எந்தப் பெட்டி?

மழை நின்று வெயில் அடித்ததும் ரோட்டில் தேங்கிய தண்ணீர் காய்கிறது. "தி படில்ஸ் ட்ரைட் அப்." அது என்ன ஊற்றா?

மூன்றாவதுதான் முக்கியம். வற்று என்றால் அப் என்கிறீர்கள். அப்படியானால் மிளகாய் வற்றலும் சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் என்ன? அங்கே எந்த ஏரி வற்றியது? இங்கிலீஷில் அது "ட்ரைட் சில்லீஸ்", "சன் ட்ரைட்". அப்பும் இல்லை, அவுட்டும் இல்லை. "ட்ரைட் அப் சில்லீஸ்" என்று எழுதிப் பாருங்கள், கடைக்காரன் தூக்கிப் போட வைத்திருக்கும் சரக்கு மாதிரி இருக்கும். ஆகவே தமிழ் வினையோடு ஜோடி சேர்ப்பது பாதி வழிதான் வரும்.

கரும்பலகை

கோடைமழை, நல்ல கேள்விகள். வரிசையை மாற்றிச் சொல்கிறேன்.

குட்டை: அங்கே இருந்த தண்ணீர் மொத்தமும் போயிற்று, மிச்சம் ஒன்றும் இல்லை. "ஈட் அப்", "யூஸ் அப்" எல்லாவற்றிலும் அப் செய்கிற வேலை இதுதான்: தீர்த்துக் கட்டுவது. குட்டை என்பதே தண்ணீர்தான். தண்ணீர் போனால் குட்டையும் போயிற்று. ஆனால் அந்தக் குட்டை இருந்த ரோடு "ட்ரைட் அவுட்" அல்லது "ட்ரைட் ஆஃப்". ரோடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை நீங்கள் கவனித்தால் பாதிச் சந்தேகம் தீரும்: தண்ணீரே எழுவாயாக நின்றால் அப், தண்ணீரை வைத்திருந்த பொருள் எழுவாயாக நின்றால் பெரும்பாலும் அவுட்.

மார்க்கர்: மையை நினைத்துச் சொன்னால் அப், உள்ளே இருக்கும் திரியை நினைத்துச் சொன்னால் அவுட். இரண்டும் சரி. எல்லையில் நிற்கிற பொருள்களுக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு.

வற்றல்: வேண்டுமென்று காயவைத்துப் பதப்படுத்துவதற்கு வால் எதுவும் தேவையில்லை. வெறும் "ட்ரை". "வி ட்ரை சில்லீஸ் ஆன் தி டெரஸ்." கருவாடு "ட்ரைட் ஃபிஷ்". திராட்சை, அத்தி, பேரீச்சை எல்லாம் "ட்ரைட் ஃப்ரூட்". காயவைப்பதே நோக்கமான இடத்தில் இங்கிலீஷ்காரர்கள் பொதுவாக வாலை ஒட்டுவதில்லை. வால் ஒட்டினால் அங்கே ஏதோ ஒரு கதை இருக்கிறது: ஒன்று வேண்டாத ஈரம் போயிற்று, அல்லது வேண்டிய ஈரம் போயிற்று.

இரவுப்பணி

"வேண்டிய ஈரம், வேண்டாத ஈரம்" என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு வெகுநாள் குழப்பம். நான் நர்ஸ். "ட்ரை அவுட்" நல்லதா கெட்டதா? நோயாளிகளுக்கான துண்டுப் பிரசுரத்தில் "டோன்ட் லெட் தி ஸ்கின் ட்ரை அவுட்" என்கிறார்கள். நனைந்த செருப்பைப் பற்றி "லெட் இட் ட்ரை அவுட்" என்கிறார்கள்.

கரும்பலகை

வினைக்கு நல்லது கெட்டது தெரியாது சிஸ்டர். பொருளுக்குத்தான் தெரியும். எந்தப் பொருள் ஈரமாக இருக்க வேண்டுமோ அது ட்ரை அவுட் ஆனால் கெட்டது: தோல், உதடு, கண், கேக், சப்பாத்தி மாவு, பூந்தொட்டி மண். எது காய்ந்திருக்க வேண்டுமோ அது ஆனால் நல்லது: செருப்பு, சுவர், கூடாரம், நூல்கண்டு தம்பியின் அட்டைப்பெட்டி. "கவர் தி டோ ஆர் இட் வில் ட்ரை அவுட்" என்றால் மாவை மூடி வை, காய்ந்துவிடும். ஈரத்துணி போட்டு மூடுவோமே, அதேதான்.

சாந்துக்கரண்டி

மாவு என்றதும் கான்கிரீட் ஞாபகம் வந்தது. சைட் இன்ஜினியர். எங்கள் தொழிலில் இந்த ஒரு வினையால் பெரிய தகராறு உண்டு.

தளம் போட்ட மறுநாள் வீட்டுக்காரர் வந்து "காஞ்சிருச்சா?" என்று கேட்பார். மேஸ்திரியும் "காஞ்சிருச்சுங்க" என்பார். உண்மையில் கான்கிரீட் காய்ந்து இறுகுவது கிடையாது. சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து நடக்கும் வேதிவினையில்தான் இறுகுகிறது. தண்ணீர் முன்கூட்டியே போய்விட்டால் அந்த வினை பாதியில் நிற்கும், மேற்பரப்பில் நூல் நூலாக வெடிப்பு விழும். அதனால்தான் தளத்தின் மேல் சாந்தால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறோம், தூண்களுக்கு ஈரச் சாக்குச் சுற்றுகிறோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 விதிப்படி சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் க்யூரிங். ஆகவே இங்கிலீஷில் எழுதும்போது "தி கான்கிரீட் இஸ் ட்ரையிங்" என்று எழுதாதீர்கள். "தி கான்கிரீட் இஸ் க்யூரிங். டோன்ட் லெட் இட் ட்ரை அவுட்." ஒரே வரியில் இரண்டு வினையும் எதிர் எதிராக நிற்கும். இதை சைட் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை யாரும் தண்ணீர் விடுவதில்லை.

பெயின்ட் வேறு. சுவரில் அடித்த பெயின்ட் "ட்ரைஸ்". டப்பாவை மூடாமல் விட்டதில் கட்டியாகிப்போன பெயின்ட் "ட்ரைட் அப்". இரண்டையும் மாற்றி எழுதினால் பில் தகராறில் போய் முடியும்.

மடைத்தலை

டெல்டாப் பக்கம் இருந்து ஒரு குரல். எங்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று சொல்வோம். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், ஒருமுறை பாய்ச்சி, காயவிட்டு, மறுபடி பாய்ச்சுவது. இங்கிலீஷில் இதற்கு "ஆல்டர்நேட் வெட்டிங் அண்ட் ட்ரையிங்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓட்டை போட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, அதில் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மடையைத் திறக்க வேண்டும். குழாய் இல்லாதவர்கள் மண்ணில் மயிரிழை வெடிப்பு விழுவதைப் பார்த்துத் திறப்போம். இதை எழுத "லெட் தி ஃபீல்ட் ட்ரை அவுட்" சரியா, "ட்ரை அப்" சரியா?

இன்னொன்று. மகன் எனக்காக இங்கிலீஷில் ஒரு மனு எழுதுகிறான். குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் நெல் நனைந்துவிடும். நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் கணக்கு. மழை அதிகமான வருஷங்களில் மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டு வாங்கித் தளர்வு தரும், ஆனால் ஆணை வருகிற வரைக்கும் நெல்லை ரோட்டில் கொட்டிக் காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவன் "வி ஆர் ட்ரையிங் அப் தி பாடி" என்று எழுதியிருக்கிறான். எனக்கு ஏதோ இடிக்கிறது.

கோடைமழை

மடைத்தலை அண்ணா, இடிப்பது நியாயம்தான். "வி ஆர் ட்ரையிங் தி பாடி ஆன் தி ரோட்" என்று அப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். மழையில் நனைந்த நெல்லைத்தான் காயவைக்கிறோம் என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் "வி ஆர் ட்ரையிங் அவுட் தி வெட் பாடி". மனுவில் அந்த அழுத்தம் நல்லதுதான்.

வயலுக்கு அவுட். மயிரிழை வெடிப்போடு நிறுத்திவிட்டு மறுபடி தண்ணீர் விடப்போகிறீர்கள், மண்ணில் ஊறியது கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவ்வளவே. "தி ஃபீல்ட்ஸ் ட்ரைட் அப்" என்றால் தண்ணீர் வராமல் பாளம் பாளமாக வெடித்துப்போன வயல். மேட்டூர் திறக்காத வருஷத்து வாக்கியம் அது. மனுவில் தேவைப்பட்டால் அதையும் தனியாக எழுதலாம்.

வாத்தியார் ஐயாவின் பெட்டி இங்கே நன்றாகவே வேலை செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வற்றலை மட்டும் விடமாட்டேன்.

வடமராட்சி

நான் லண்டனில் இருக்கிறேன். நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று. இங்கே "ட்ரை அப்" என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆறும் இல்லை, கிணறும் இல்லை. கோப்பை துடைப்பது! சாப்பிட்டு முடிந்ததும் ஒருவர் கழுவுவார், அது "வாஷிங் அப்". பக்கத்தில் நிற்கிறவர் துணியால் துடைத்து அடுக்குவார், அது "ட்ரையிங் அப்". "ஐ வில் வாஷ், யூ ட்ரை அப்" என்பது இங்கே வீட்டுக்கு வீடு கேட்கிற வசனம். ஊரில் இருந்து புதிதாக வருகிற பிள்ளைகள் முழிக்கிற இடம் இது. நமக்குக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் தானாகக் காய்ந்துவிடும், துடைக்கிற பழக்கமே இல்லைத்தானே.

கொஞ்சம் பழைய ஆட்கள் "ட்ரை அப்!" என்று அதட்டினால் "வாயை மூடு" என்றும் பொருள் உண்டு. இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை. மேடையில் நடிகர் வசனம் மறந்து நின்றால் அதற்கும் இதேதான்: "ஹி ட்ரைட் அப் இன் தி செகண்ட் ஆக்ட்". நடிகர்கள் வாலையும் வெட்டிவிட்டு "ஐ ட்ரைட்" என்றே சொல்லுவார்கள்.

அமெரிக்கர்களிடம் பாத்திரத்துக்கு இதைச் சொன்னால் புரியாமல் பார்ப்பார்கள். அவர்களுக்கு "ட்ரை தி டிஷஸ்" போதும்.

கோடைமழை

பார்த்தீர்களா! பாத்திரத்தில் இருப்பது மேலே ஒட்டிய ஈரம், துணியால் துடைக்கிறோம். வாத்தியார் கணக்குப்படி ஆஃப் வர வேண்டும். பிரிட்டிஷ்காரன் அப் என்கிறான்.

கரும்பலகை

அது "வாஷ் அப்" போன வழியில் போனது. கழுவி முடி, துடைத்து முடி. வேலையை முடிப்பது என்ற பொருளில் வந்த அப். ஈரத்தைப் பற்றியே அது பேசவில்லை. இதை என் கணக்கில் சேர்க்க முடியாதுதான், ஆனால் கணக்கும் கெடவில்லை.

மேடை நடிகருக்குக் கணக்கு நேராக வரும்: வசனத்தின் ஊற்று நின்றுபோனது. "ஃபண்ட்ஸ் ட்ரைட் அப்", "ஆர்டர்ஸ் ட்ரைட் அப்", "தி கான்வர்சேஷன் ட்ரைட் அப்" எல்லாம் அதே குடும்பம். நூல்கண்டு தம்பிக்கு இந்த "ஆர்டர்ஸ் ட்ரைட் அப்" எழுதுகிற நிலை வராமல் இருக்கட்டும்.

நூல்கண்டு

ஐயா, வாயில் சர்க்கரை. பதில்களுக்கெல்லாம் நன்றி. மெயில் போய்விட்டது. "தி கார்மென்ட்ஸ் ஆர் கம்ப்ளீட்லி ட்ரை" என்று எழுதி, பெட்டிக்கு "ட்ரை அவுட்" போட்டேன். மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

ஸ்டென்டர்

தம்பி, நானும் திருப்பூர்தான், சாயப்பட்டறை லேப். இந்த "கம்ப்ளீட்லி ட்ரை" என்ற சொல் இருக்கிறதே, அதை இனிமேல் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். இங்கிலீஷ் சரிதான், ஜவுளி சரியில்லை. பருத்தி என்பது ஒருபோதும் முழுக்கக் காயாது. காற்றிலிருந்து ஈரம் எடுத்துக்கொண்டே இருக்கும். அதன் மாய்ஸ்ச்சர் ரீகெய்ன், அதாவது முழுக்கக் காய்ந்த எடையோடு ஒப்பிட அது பிடித்து வைக்கும் ஈரம், 8.5 சதவீதம் என்றுதான் நிலையான கணக்கு. அடுப்பில் வைத்து ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் எடுத்தால் அதற்கு "போன் ட்ரை" என்று தனிப் பெயர், அதை வெளியே எடுத்து வைத்த நிமிஷத்திலிருந்தே மறுபடி எடை ஏறும். பையரின் ஆள் வந்து மாய்ஸ்ச்சர் மீட்டரைத் துணியில் வைத்தால் ஏதோ ஒரு எண் காட்டத்தான் செய்யும். "கம்ப்ளீட்லி என்றாயே?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "தி மாய்ஸ்ச்சர் கன்டென்ட் இஸ் விதின் யுவர் லிமிட்" என்று எழுதி, ரீடிங்கையும் போட்டுவிடுங்கள். சிலிக்கா ஜெல் பாக்கெட் வைத்ததையும் ஒரு வரி சேருங்கள்.

சாயப்பட்டறையில் நாங்கள் "ஓவர் ட்ரை" என்று ஒன்று சொல்வோம். ஸ்டென்டரில், அதாவது துணியை விரித்துப் பிடித்துச் சூட்டில் உலர்த்தும் இயந்திரத்தில், சூடு அதிகமாகி, துணி ஈரம் முழுக்க இழந்து வரும்போது தொட்டாலே மொரமொரவென்று இருக்கும், தையலில் ஊசி ஓட்டை விழும். அந்தத் துணியைப் பற்றி "தி ஃபேப்ரிக் ஹேஸ் ட்ரைட் அவுட்" என்று எழுதினால் அது புகார். பெட்டியைப் பற்றி அதையே எழுதினால் நிம்மதி. வாத்தியார் சொன்னதுதான்.

நூல்கண்டு

அண்ணா, இது பெரிய உதவி. மீட்டர் ரீடிங்கோடு இன்னொரு மெயில் போடுகிறேன்.

கல்லி பாய்ண்ட்

இவ்வளவு பேசியும் யாரும் கிரிக்கெட் பக்கம் வரவில்லையே. இரண்டு வாலும் ஒரே ஆட்டத்தில் கிடைக்கும்.

சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் முதல் நாளே கமென்டரியில் கேட்கலாம்: "ஒன்ஸ் திஸ் பிட்ச் ட்ரைஸ் அவுட், இட் வில் டர்ன்." ஆடுகளத்துக்குள் இருந்த ஈரம் நாளாக ஆகப் போய், மண் உதிர்ந்து, வெடிப்பு விழுந்து, பந்து திரும்பும். இது அவுட். அடுத்து, சுழற்பந்து வீச்சாளர்கள் இரண்டு பக்கமும் கட்டிப்போட்டு, ஓவருக்கு ஒரு ரன் வருவதே பாடாகிவிட்டால், "தி ரன்ஸ் ஹேவ் ட்ரைட் அப்." பவுலரை எழுவாயாக வைத்து "தே ஹேவ் ட்ரைட் அப் தி ரன்ஸ்" என்றும் சொல்வார்கள். பிட்ச் ட்ரை அவுட் ஆனதால் ரன் ட்ரை அப் ஆனது என்று ஒரே வாக்கியமாகவும் சொல்லிவிடலாம்.

மழை பெய்து நின்றால் அவுட்ஃபீல்டில் சூப்பர் சாப்பர் வண்டியை ஓட்டி மேல் தண்ணீரை எடுப்பது "ட்ரையிங் ஆஃப்". மூன்றும் ஆயிற்று.

ஆட்டக்காரர் மட்டும் விதிவிலக்கு. 1986இல் இதே சேப்பாக்கத்தில், டை ஆன அந்த டெஸ்டில், டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, பிறகு ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். அவருக்கு "டிஹைட்ரேட்டட்" என்றுதான் எழுத வேண்டும். மனித உடம்பு மொத்தத்துக்கும் ட்ரை அவுட் போட முடியாது. ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி

இது எனக்குத் தெரியும். ஒரு மனிதரைப் பற்றி "ஹி இஸ் ட்ரையிங் அவுட்" என்றால் குடியை நிறுத்த சிகிச்சையில் இருக்கிறார் என்று பொருள். நம் ஊர்ப் பேச்சில் தண்ணி என்றாலே சரக்கு, அந்தத் தண்ணி உடம்பைவிட்டு இறங்கட்டும் என்று காத்திருப்பது. பேச்சு வழக்கு இது, கேஸ் ஷீட்டில் எழுதமாட்டோம், அங்கே "டிடாக்ஸ்". வயிற்றுப்போக்கில் வந்த குழந்தைக்கு எப்போதும் "டிஹைட்ரேஷன்", ஓஆர்எஸ். அந்தக் குழந்தையின் உதடும் நாக்கும் மட்டும் "ட்ரை".

என் பங்குக்கு மூன்று வாக்கியம். அம்மைக் கொப்புளம் அடங்கிப் பொருக்குத் தட்டுவது "தி ப்ளிஸ்டர்ஸ் ட்ரை அப்". பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுவது "தி ஸ்டம்ப் ட்ரைஸ் அப் அண்ட் ஃபால்ஸ் ஆஃப்". இங்கே ஆஃப் வந்தாலும் அது விழுவதோடு சேர்ந்தது, காய்வதோடு இல்லை. தாய்ப்பால் நின்றுபோவது "ஹெர் மில்க் ட்ரைட் அப்".

வடமராட்சி

சிஸ்டர் சொன்ன கடைசி விஷயம் மாதிரியே ஒரு பொறி இருக்கிறது. "ஹேங் அவுட் டு ட்ரை". துணியைக் கொடியில் போடுவது. இங்கே அவுட் ஹேங்கோடு ஒட்டியது, ட்ரையோடு இல்லை. அதனால் "ஐ ஹங் அவுட் தி க்ளோத்ஸ் டு ட்ரை". "ஐ ட்ரைட் அவுட் தி க்ளோத்ஸ்" என்று அன்றாடத் துவையலுக்குச் சொல்வது குறைவு. ஆளைப் போட்டு "தே ஹங் ஹிம் அவுட் டு ட்ரை" என்றால் நட்டாற்றில் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

மடைத்தலை

இது எங்கள் மனுவுக்கே ஆகும் போலிருக்கிறதே.

சாந்துக்கரண்டி

ஒரு இலக்கணச் சந்தேகம். "ட்ரை அவுட் இட்" என்று எங்கள் ட்ரெய்னி எழுதுகிறான். தப்பு என்று தெரியும், விதி என்ன?

கரும்பலகை

பெயர்ச்சொல் என்றால் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். "தி சன் ட்ரைட் அவுட் தி சாயில்", "தி சன் ட்ரைட் தி சாயில் அவுட்" இரண்டும் சரி. இட், தெம், மீ மாதிரியான பிரதிப்பெயர் என்றால் நடுவில்தான். "ட்ரைட் இட் அவுட்". அப், ஆஃப் இரண்டுக்கும் இதுவே. இறந்தகாலத்தில் ஒய் போய் ஐ, ஈ, டி வரும். ட்ரையிங்கில் ஒய் அப்படியே நிற்கும். பெயருக்கு முன்னால் அடையாக வந்தால் நடுவில் ஒரு சிறு கோடு போட்டு "எ ட்ரைட்-அப் வெல்". இதற்கு மேல் இலக்கணம் ஒன்றும் இல்லை.

பால்கேன்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். கறவை மாடு வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் பால் என்றால் அப் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். ஒரு இங்கிலீஷ் பால்பண்ணைக் கையேட்டில் "ட்ரை ஆஃப் தி கௌ" என்று போட்டிருக்கிறது. மாட்டைத் துவட்டச் சொல்கிறானா என்று பார்த்தால், கன்று போடுவதற்குச் சுமார் 60 நாள் முன்னால் கறவையை நிறுத்தி மடியை ஓய்வு எடுக்க விட வேண்டும் என்று சொல்கிறான். நாங்கள் அதைத்தான் பால் வற்றவைப்பது என்போம். வற்று என்றால் அப் இல்லையா?

கோடைமழை

வாருங்கள் பால்கேன், உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். வாத்தியார் ஐயா?

கரும்பலகை

தொழில் சொல் தொழிலுக்குள்தான் செல்லும், கோடைமழை. பண்ணைக்காரன் இங்கே பாலைப் பற்றிப் பேசவில்லை, மாட்டைக் கறவையிலிருந்து எடுத்துவிடுவதைப் பற்றிப் பேசுகிறான். தானாகப் பால் நின்றால் "ஹெர் மில்க் ட்ரைட் அப்", நாமே நிறுத்தினால் "வி ட்ரைட் ஹெர் ஆஃப்". வற்றிப்போவது, வற்றவைப்பது. பால்கேன், உங்கள் மாடு எந்த மாதம்?

பால்கேன்

ஏழாவது மாதச் சினை ஐயா. இந்த வாரத்திலிருந்து ஒருவேளைக் கறவை ஆக்கிவிட்டேன், அடர் தீவனத்தையும் குறைத்தாயிற்று. டாக்டர் வந்து காம்பில் மருந்து ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். கொட்டகைப் பலகையில் "ட்ரைட் ஆஃப்" என்று எழுதித் தேதி போட வேண்டுமாம். கடைசிக் கறவைத் தேதியையா, மருந்து ஏற்றிய தேதியையா?

இரவுப்பணி

கடைசியாகக் கறந்து முடித்த உடனேதான் மருந்து ஏற்றுவார்கள். இரண்டும் ஒரே நாள்தான் அண்ணா, அதையே போடுங்கள்.